பத்தடிக்கு எத்தனை அங்குலம்?

கொருக்குப்பேட்டையில் சரிவை அளப்பது பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதுமே, "அங்க இன்னாப்பா சரிவு இருக்கு? மலையா, மேடா?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்விதான். சென்னையின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து 7 மீட்டருக்குள் அடங்கிவிடும். வடசென்னையில் தண்டவாளம், குடோன், கால்வாய், கடல் எல்லாம் ஒரே மட்டத்தில் கிடப்பதாகத்தான் தெரியும். ஆனால் சரிவை அளந்தே ஆக வேண்டிய இடம் இப்படிப்பட்ட சமதரைதான். கொடைக்கானலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் அதுதான் ஒவ்வொரு ஐப்பசியிலும் சண்டை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து காசிமேட்டுக் கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம்தான். தரை 3 மீட்டர் உயரம், தூரம் 3 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சரிவு 1000-க்கு 1. மேஸ்திரி கணக்கில் சொன்னால் பத்தடிக்கு அரைக்கால் அங்குலம், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதுவும் நடுவில் ரயில்வே கரை, சாலை, கட்டடம் எதுவும் குறுக்கே இல்லாமல், கடல் வரை ஒரே இழுப்பாக இறங்கினால்தான். இந்த 3 மில்லிமீட்டரை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

கண் ஏமாறுவதற்குக் காரணமும் இருக்கிறது. நாம் தரையைத் தனியாகப் பார்ப்பதில்லை. வீட்டு வாசற்படி, காம்பவுண்ட் சுவர், கரண்ட் கம்பம் இவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒவ்வொரு வருஷத்தில் உயர்த்தப்பட்டது. ஒரு வீட்டுக்கு மூன்று படி, அடுத்த வீட்டுக்கு ஒன்று, அதற்கடுத்த வீடு தெருவுக்குக் கீழே. இவற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்த்தால் கிழக்கே சரிவது மேற்கே சரிவதாகத் தெரியும். எதிர்வீட்டு அக்கா, "தண்ணி எங்க வூட்டுப் பக்கம்தான் வருது" என்பார். பக்கத்துவீட்டு அண்ணன், "இல்லக்கா, எல்லாம் எங்க வாசல்லதான் நிக்குது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். நடுவில் ஒரு மேடு இருந்தால் போதும்.

இந்தச் சண்டையைத் தீர்க்க லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். மேஸ்திரிகள் கையில் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்.

சுண்டுவிரல் பருமனில், உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். தெருவுக்கு என்றால் ஐம்பது அடி நீளம் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நேராகப் பார்க்க முடியாத இரண்டு இடங்களைக்கூட ஒப்பிடலாம். சுவரைச் சுற்றிக் கொண்டுபோகலாம், வீட்டின் முன்வாசலையும் பின்கட்டையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். இந்த வசதியை லேசர் கருவியே தராது.

ஆனால் இதை ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, நான் டியூபைக் கையில் எடுத்ததுமே நிறுத்தினார். "தம்பி, மொதல்ல ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல புடி. ரெண்டுலயும் தண்ணி ஒண்ணா நிக்குதா பாரு. நிக்கலன்னா உள்ள காத்து மாட்டியிருக்கு." அப்படித்தான் இருந்தது. டியூபின் நடுவில் ஒரு நீளமான காற்றுக் குமிழி. அந்த ஒரு குமிழி போதும், அங்குலக் கணக்கில் பிழை வந்துவிடும். டியூபை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, குமிழியை மறுமுனைக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். வாளியில் டியூபை முக்கி உறிஞ்சி நிரப்பினால் குமிழி அதிகம் வராது. தண்ணீரில் இரண்டு துளி சொட்டு நீலம் விட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். "வெயில்ல பாதி, நிழல்ல பாதி டியூப போடாத." அவர் காரணம் சொல்லவில்லை, பிறகுதான் புரிந்தது. சூடான தண்ணீருக்கு அடர்த்தி குறைவு. டியூபின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் சூடான பக்கத்தில் மட்டம் கொஞ்சம் ஏறி நிற்கும். நிமிர்ந்து நிற்கும் தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் இருந்து, இரு பக்க வெப்பமும் 10 டிகிரி வேறுபட்டால், வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தொடும். நம் தெருவில் பத்தடிக்கு இருப்பதே அவ்வளவுதானே! காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அளப்பது நல்லது.

அளக்கும் முறை இதுதான். ஒருவர் தெருவின் இந்த முனையில், இன்னொருவர் அந்த முனையில். தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு அவரவர் பக்கத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். இந்தப் பக்கம் 3 அடி 2 அங்குலம், அந்தப் பக்கம் 3 அடி 5 அங்குலம் என்று வந்தால் அந்தப் பக்கத் தரை 3 அங்குலம் தாழ்வு. இடையில் தூரம் 40 அடி, அதாவது 480 அங்குலம். 480-ஐ 3-ஆல் வகுத்தால் 160. சரிவு 160-க்கு 1. பத்தடிக்கு முக்கால் அங்குலம். அவ்வளவுதான் கணக்கு.

தெரு நீளமாக இருந்தால் இப்படியே கண்ணி கண்ணியாகப் போய்க்கொண்டிருக்கலாம். கடைசியில் மறக்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அளந்துவர வேண்டும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. இது சர்வே துறையினர் கையாளும் அதே சோதனைதான்.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

மேஸ்திரிகள் இந்தச் சரிவை வாட்டம் என்பார்கள். குளியலறையில் வாட்டம் விட்டாயா, மொட்டை மாடியில் வாட்டம் எந்தப் பக்கம் என்று வேலை நடக்கும் இடத்தில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு பழைய விதி உண்டு, மக்வயர் விதி என்பார்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1, 9 அங்குலத்துக்கு 90-க்கு 1. குழாயின் அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் விடை. வீட்டிலிருந்து வெளியே போகும் 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு 3 அங்குலம் வாட்டம் வேண்டும் என்று அர்த்தம். வாட்டம் குறைந்தால் தண்ணீரின் வேகம் குறையும், வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மணலும் கசடும் அடியில் தங்க ஆரம்பிக்கும். பெரிய குழாய்க்குக் குறைந்த சரிவே போதுமானதாக இருப்பதும் இதனால்தான். நிறையத் தண்ணீர் ஒன்றாகப் போகும்போது குழாயின் உரசல் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இப்போது அந்த 40-க்கு 1-ஐ நம் ஏரியாவின் 1000-க்கு 1-உடன் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து மெயின் வரைக்கும் 40 அடி குழாய் போட்டாலே ஓரடி கீழே இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் இன்னும் இறங்க வேண்டும். சமதரை ஊரில் பாதாள சாக்கடை ஆழம் கூடிக்கொண்டே போய், கடைசியில் பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் வைத்துத் தூக்க வேண்டியிருப்பது இதனால்தான். கரண்ட் போன நேரத்தில் மேன்ஹோல் பொங்குகிறது என்றால் அங்கே சரிவின் வேலையைச் செய்துகொண்டிருந்தது மோட்டார் என்று புரிந்துகொள்ளலாம்.

மழைநீர் விஷயம் இன்னும் சிக்கலானது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் அதன் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும்தான் போக வேண்டும். பக்கிங்காம் கால்வாயை நாம் இன்றைக்குச் சாக்கடையாகவும் வெள்ள வடிகாலாகவும் பார்க்கிறோம். ஆனால் அது அதற்காக வெட்டப்பட்டது அல்ல. 1806-இல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை பேசில் காக்ரேன் வெட்ட ஆரம்பித்தது படகு விடுவதற்காக. விறகும் உப்பும் ஏற்றிய படகு இரண்டு திசையிலும் போய்வர வேண்டும் என்றால் கால்வாயில் ஓட்டம் இருக்கவே கூடாது, மட்டமாகத்தான் கிடக்க வேண்டும். அப்படியே மட்டமாக வெட்டினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியோடு வந்த மக்களைக் கூலிக்கு வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. சரிவே இருக்கக்கூடாது என்று வெட்டிய கால்வாயில் ஊர் முழுக்க உள்ள மழைத்தண்ணீரை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

அதோடு, சரிவு என்பது மேல்முனையை மட்டும் பொறுத்தது அல்ல. கீழ்முனையும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடல் மேலெழும்பி நின்றது, முகத்துவாரங்களில் தண்ணீர் வெளியேற முடியவில்லை, கால்வாய் விளிம்பு வரை நிரம்பியது. தெருவின் சரிவு அப்போதும் மாறவில்லை. ஆனால் கால்வாயின் நீர்மட்டம் தெருமட்டத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் போகும் பாதையின் சரிவு பூஜ்யம். அதற்கும் மேலே ஏறினால் கால்வாய்தான் தெருவுக்குள் வரும். ஆகவே வடிகால் பற்றிப் பேசும்போது தெருமட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. வடிகால் கால்வாயில் விழும் இடத்தின் மட்டத்தையும், மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்ற கறையின் மட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பாலத்துச் சுவரில் அந்தக் கறை கறுப்பாகத் தெரியும்.

இனி மேலே ஏறுகிற சரிவுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

எங்கள் ஊரில் சரக்கு நகர்வது மீன்பாடி வண்டியில். பாதி வண்டிகளுக்கு இப்போது மோட்டார் வந்துவிட்டாலும், மிதிக்கிற வண்டிகள் இன்னும் இருக்கின்றன. வண்டி, சரக்கு, ஓட்டுகிறவர் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். 30-க்கு 1 ஏற்றத்தில் அவரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 300-ஐ 30-ஆல் வகுத்தால் கிடைக்கும் 10 கிலோ. 20-க்கு 1 என்றால் 15 கிலோ. 15-க்கு 1 என்றால் 20 கிலோ. நடக்கிற வேகத்தில், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர், 30-க்கு 1-ஐ ஏற 98 வாட் சக்தி வேண்டும். 20-க்கு 1-க்கு 147 வாட். நல்ல உடல்வாகு உள்ள ஆள் நாள் முழுக்கத் தரக்கூடியது 75-லிருந்து 100 வாட்தான். 30-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் காரில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. மிதிக்கிறவரோ ஒன்றில் சீட்டில் உட்கார்ந்தபடி ஏறிவிடுவார், மற்றொன்றில் இறங்கித் தள்ளுவார்.

இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிகளில் சமதரைப் பகுதிக்குச் சொல்லியிருப்பதும் இதே எண்கள்தான். வழக்கமாக 30-க்கு 1, மிஞ்சினால் 20-க்கு 1, தவிர்க்கவே முடியாத இடத்தில் 15-க்கு 1. ரயில் தண்டவாளத்தைத் தாண்டும் ஒரு பாலம் 8 மீட்டர் உயர வேண்டும் என்றால் 30-க்கு 1 சரிவில் ஒரு பக்கத்துக்கு 240 மீட்டர் நீளம் தேவை. 20-க்கு 1 என்றால் 160 போதும். நெருக்கமான ஏரியாவில் அந்த 80 மீட்டர் என்பது சில வீடுகள், சில கடைகள். பாலம் கட்டுகிறவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சுருக்கிய ஒவ்வொரு மீட்டருக்கும் விலை கொடுப்பது மீன்பாடி வண்டிக்காரரின் முழங்கால்தான். பாலம் பற்றிய பேச்சு வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனைக்கு 1?"

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இதைவிட மோசம். அதிகபட்சம் 12-க்கு 1. அதாவது ஓரடி உயர வாசலுக்கு 12 அடி நீளச் சாய்தளம். இந்த எண்ணை உணர ஒரு வழி சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலின் மிகச் செங்குத்தான இடம் 12.28-க்கு 1. அங்கே இரும்புச் சக்கரம் வழுக்கும் என்று தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு ஏறுகிறது எஞ்சின். ரப்பர் சக்கரம் காங்கிரீட்டில் அப்படி வழுக்காது என்பது உண்மை. ஆனால் தூக்க வேண்டிய பாரத்தின் பங்கு ஒன்றேதான். மலை ரயிலின் ஏற்றத்தை ஒரு மனிதர் தன் இரண்டு கையால் ஏற வேண்டும் என்பதுதான் சட்டம் அனுமதிக்கும் எல்லை. நான் பார்க்கிற கட்டடங்களில் ஒன்றரை அடி உயரப் படிக்குப் பக்கத்தில் ஆறடி நீளத்துக்குச் சிமென்ட் பூசி, கைப்பிடி வைத்து, நீலப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அது 4-க்கு 1. யாரும் ஏற முடியாது. பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

சாய்தளத்தை அளக்க டியூப் வேண்டாம், ரசமட்டம் போதும். மூன்றடி நேரான மரச்சட்டத்தைச் சாய்தளத்தில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும் வரை சட்டத்தின் கீழ்முனையைத் தூக்குங்கள். தூக்கிய உயரத்தை ஸ்கேலால் அளங்கள். 36 அங்குலச் சட்டத்துக்கு 3 அங்குலம் தூக்கினால் 12-க்கு 1. அதற்கு மேல் வந்தால் அந்தச் சாய்தளம் தேறவில்லை. ரசமட்டமே சரியா என்று பார்க்க, ஒரே இடத்தில் வைத்து அப்படியே முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் ஒரே திசையில், ஒரே அளவு ஒதுங்க வேண்டும்.

பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியில் நூல் கட்டி, குண்டு தொங்கவிட்டு அளக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மரத்தின் உயரம், தண்ணீர்த் தொட்டியின் உயரம் பார்க்க அருமையான கருவி. சாய்தளத்துக்கும் ஓரளவு உதவும், 12-க்கு 1 என்பது 4.8 டிகிரி. வடிகாலுக்கு உதவவே உதவாது. ஒரு டிகிரி என்பதே 57-க்கு 1. தரையில் 100-க்கு 1 வாட்டம் என்பது அரை டிகிரியை ஒட்டி. எங்கள் ஊரின் தெரு, சாக்கடை, பாலம், முறையாகக் கட்டிய சாய்தளம் எல்லாமே 5 டிகிரிக்குள் முடிந்துவிடுகின்றன. கைப்பேசியில் உள்ள லெவல் செயலிக்கும் இதே குறை. முழு டிகிரியாகக் காட்டும் செயலியை விட்டுவிடுங்கள். பத்தில் ஒரு பங்கு டிகிரி காட்டும் செயலி என்றால், கேமரா துருத்திக்கொண்டிருக்கும் முதுகுப் பக்கத்தை விட்டு ஓரப் பக்கமாக, ஆறடி மட்டக்கோலின் மேல் நிறுத்தி, திருப்பி வைத்து இரண்டு தடவை பாருங்கள்.

எண்ணூர் பக்கம் ரயிலில் போகிறவர்கள் தண்டவாள ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கை நீட்டிய சின்னக் கம்பங்கள் இருக்கும். கை மேலே பார்த்தால் ஏற்றம், கீழே பார்த்தால் இறக்கம், அதில் எழுதிய எண்தான் எத்தனைக்கு 1 என்பது. ‘எல்’ என்று இருந்தால் மட்டம். ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1-ஐவிடச் சரிவு கூடக்கூடாது என்பது ரயில்வே விதி. இரும்பின் மேல் இரும்பு உருள்வதற்கு அவ்வளவு லேசான சரிவே போதும், பிரேக் இல்லாத வேகன் தானாக நகரத் தொடங்கிவிடும். கொருக்குப்பேட்டையின் கூட்ஸ் யார்டு முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

நாட்டுக்கே இந்த அளவைப் பாடம் தொடங்கியதும் இந்த ஊரில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். சங்கிலி கிடந்த சரிவைக் கணக்கிட்டுக் கழித்தால்தான் உண்மையான தூரம் வரும் என்று அதையும் சேர்த்தே அளந்தார். நாட்டின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படையாக 1909-இல் நிர்ணயித்த கடல்மட்டத்துக்கு ஒன்பது துறைமுகங்களின் அலைப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் மெட்ராஸும் நாகப்பட்டினமும் இருந்தன. ரயில் நிலையப் பலகைகளில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் உயரம் அந்தக் கடல்மட்டத்திலிருந்து எண்ணியது.

கடைசியாகச் சாலை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிடுகிறது. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் அது நடந்ததா என்று சொல்ல, போடுவதற்கு முந்தைய மட்டம் யாரிடமாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவில் ஜல்லி இறங்குவதற்கு முன்பே இரண்டு பேராகச் சேர்ந்து டியூபை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மாறாத ஓர் இடத்தை, கோயில் படியோ பழைய கல்லோ, அடையாளமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் எதிரே தெருமட்டம் எவ்வளவு தாழ்வு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வடிகால் மூடியின் மட்டத்தையும் எழுதுங்கள். தேதி போட்டு ஒரு பிரதியை வேலையைப் பார்க்க வரும் இன்ஜினியரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் காய்ந்த பிறகு சொல்கிற குறைக்கு, "அடுத்த டெண்டர்ல பாக்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். அதற்கு முன்னால் எண்ணோடு போய் நின்றால், குறைந்தபட்சம் அவரும் தன் மட்டக்கருவியை எடுத்து ஒருமுறை பார்க்க வேண்டி வரும்.